மாடி பாஷை

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு ஒரு மனிதரை நம்புவது சிரமம். பாபநாசம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினோரு வருடமாகக் கடை நடத்துகிறேன். தங்கையின் பங்கை எழுதி வாங்கிக்கொண்ட பத்திரத்தை அண்ணன்காரர் பிரதி எடுக்கக் கொண்டுவருவார். மறுநாள் அதே தங்கை, அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு சிரித்துக்கொண்டு வந்து நிற்பாள். பட்டா, சிட்டா, விவாகரத்து மனு, வாரிசுச் சான்று எல்லாம் என் கண் வழியாகத்தான் போகும். எதையும் பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்துவிடுவேன். அப்படிப் படித்துப் படித்து, எந்தக் காகிதத்துக்குப் பின்னாலும் இன்னொரு காகிதம் இருக்கும் என்று நினைப்பது பழக்கமாகிவிட்டது.

மாடிக்குக் குடிவந்த அந்த அம்மா முதன்முதலாக என்னிடம் நீட்டியது அரைப்பக்கத் தாள். கையால் எழுதியிருந்தார். 'புது மொழி ஒன்று கற்றுக்கொள்ளலாம். ஞாயிறு காலை பத்து மணி, உரக்கடை மாடி. இந்த மொழி எந்த நாட்டிலும் பேசப்படுவதில்லை. நான் உண்டாக்கியது. இதைப் படித்தால் வேலை கிடைக்காது. கட்டணம் இல்லை.' இருபது பிரதி கேட்டார்.

மிஷின் ஓடுகிற நேரத்தில் ஆளைப் பார்த்தேன். ஐம்பதை ஒட்டிய வயது. வெளுத்துப்போன கைத்தறிப் புடவை, கையில் ஆம்பிளை வாட்ச், காதில் பொட்டுத் தோடு. எங்கள் கட்டிடத்துச் சொந்தக்காரரான உரக்கடை சண்முகம் அண்ணனிடம் மாடியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு முன் வந்தவர் என்பது மட்டும் தெரியும். இதைப் படித்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்டேன்.

"பேசலாம்" என்றார்.

இலவசம் என்கிறார், வேலை கிடைக்காது என்கிறார். ஒருவர் இவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொன்னால் உள்ளே பெரிதாக ஏதோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். இருபது பிரதிக்கு மேல் இருபத்தொன்றாவதாக ஒன்று எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லியிருப்பேன்.

ஊரும் என்னைப் போலத்தான் யோசித்தது. மதம் மாற்ற வந்திருக்கிறார் என்றார்கள். சங்கிலி வியாபாரத்துக்கு ஆள் சேர்க்கிறார், மூன்றாவது மாதம் பற்பசை விற்கச் சொல்வார் என்றார்கள். நெல் அறுக்கும் மிஷின் ஓட்டும் செல்வமணி மட்டும் வேறு மாதிரி கணக்குப் போட்டான். "அது கொரியா பாஷைக்கா. டீச்சர் வெளியில சொல்ல மாட்டேங்குறாங்க. கூட்டம் கூடிருமேன்னு பயம்" என்றான். முதல் ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறிய நாலு பேரில் அவன் ஒருவன். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் கலாவும் அவள் தங்கையும் அடுத்த இரண்டு பேர். நாலாவதாக நான். வேவு பார்க்கத்தான் போனேன்.

அங்கே நாங்கள் படித்தது இதுதான். நூமா என்றால் தண்ணீர். தவு என்றால் வருவது. ஆனால் 'நூமா தவு' என்று சொல்லி நிறுத்த முடியாது. அது அரைகுறையாகத் தொங்கும். கடைசியில் ஒரு வால் ஒட்ட வேண்டும். நானே கண்ணால் பார்த்தேன் என்றால் 'ரா'. யாரோ சொல்லிக் கேட்டேன் என்றால் 'மி'. நானாக நினைக்கிறேன் என்றால் 'சோ'. நூமா தவுரா: தண்ணீர் வந்தது, பார்த்தேன். நூமா தவுமி: தண்ணீர் வந்ததாம். நூமா தவுசோ: வந்திருக்கும். வால் இல்லாத வாக்கியம் அந்த மொழியில் கிடையாது. பெயரும் கிடையாது அந்த மொழிக்கு. ஊர்க்காரர்கள்தான் மாடி பாஷை என்று பெயர் வைத்தார்கள்.

வார்த்தைகளைக்கூட அவர் மொத்தமாகச் செய்து வைத்திருக்கவில்லை. நானூறு ஐந்நூறு இருக்கும். மீதியை வகுப்புக்கு வருகிறவர்கள்தான் உண்டாக்க வேண்டும். ஒருவர் ஒரு வார்த்தை கொண்டுவந்தால், ஒரு வாரம் எல்லோரும் அதைப் பேசிப் பார்ப்போம். மூன்று பேருக்குப் பிடித்திருந்தால் நீள நோட்டில் ஏறும். பிடித்த மூன்று பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சேற்று வயலில் மிஷின் புதைந்து கத்துவதற்கு செல்வமணி ஒரு வார்த்தை கொண்டுவந்தான். படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பும் நாளில் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வரும் சொந்தக்காரருக்குக் கலா ஒன்று கொண்டுவந்தாள். கையெழுத்தான பக்கங்களை மாதக் கடைசியில் அவர் என் கடைக்குக் கொண்டுவந்து, எல்லோருக்கும் கொடுக்கப் பிரதி எடுப்பார். நான் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஒன்று எடுத்து இழுப்பறையில் போட்டேன்.

வகுப்பில் மட்டும்தான் அப்படி என்றால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அவர் தமிழிலும் அப்படித்தான் பேசினார். டீக்கடையில் யாராவது கரண்டு வந்துவிட்டதா என்று கேட்டால், "எங்க மாடியில வந்துச்சு. உங்க தெருவுல தெரியலீங்க" என்பார். இழவு வீட்டில், பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டமே படவில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது இவர் ஒன்றுமே சொல்லாமல் நின்றார். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது இன்றுவரை ஆறவில்லை. யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், "எந்த வால்?" என்று கேட்பார். கேலியாகக் கேட்க மாட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு. மேட்டூரில் திறந்து, கல்லணையில் திறந்து, தண்ணீர் எங்கே வந்தது எங்கே வரவில்லை என்று ஊர் முழுக்க அதே பேச்சு. வகுப்பில் செல்வமணி எழுந்து, "நூமா தவுரா" என்றான். பார்த்தீர்களா என்று அவர் கேட்டார். செல்போனில் படம் வந்தது என்றான். அது வேறு ஆற்றின் படமாக இருக்கலாம், போன வருடப் படமாகவும் இருக்கலாம் என்றார். உடனே குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அதற்குள் நாங்கள் பதினான்கு பேராகியிருந்தோம், அத்தனை பேரும் பின்னாலேயே போனோம். முக்கால்வாசிப் பேர் பிள்ளை குட்டிக்காரர்கள். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

குடமுருட்டி ஆற்றில் மணல்தான் கிடந்தது. கரையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். திரும்பிப் போகலாம் என்று கலா முணுமுணுக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் மேற்கே மணலின் நிறம் மாறியது. ஒரு சாண் உயரம்கூட இல்லை. முன்னால் நுரையும் சருகும் பிளாஸ்டிக் டம்ளரும் உருண்டு வந்தன. பின்னால் பழுப்பாகத் தண்ணீர், வெடித்த மண்ணை மோந்து பார்க்கிற மாதிரி நின்று நின்று வந்தது. செல்வமணி ஆற்றுக்குள் இறங்கி, கணுக்கால் நனைந்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

"நாப்பது வயசாச்சு டீச்சர். வருசா வருசம் தண்ணி வந்துருச்சுன்னு சொல்லியிருக்கேன். வர்றதைப் பார்த்தது இன்னைக்குத்தான்."

பதினான்கு பேரும் ஒவ்வொருவராக நூமா தவுரா என்று சொன்னோம். நான் மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அதே நிமிஷம் அவர் வாட்சைப் பார்த்து நோட்டில் மணியைக் குறிப்பதையும் நான் பார்த்தேன். தண்ணீர் எத்தனை மணிக்கு எங்கே வந்தது என்பது இவருக்கு எதற்கு? மூன்றாவது தடவை சொல்லவில்லை.

இது கொரியா பாஷை இல்லை என்பது செல்வமணிக்கு மூன்றாவது மாதமே தெரிந்துவிட்டது. ஆனாலும் வந்துகொண்டிருந்தான். காரணத்தை என் கடையில் உட்கார்ந்து சொன்னான். வயல் காய்ந்துவிட்டது, மிஷினைக் கொண்டுவா என்று நிலத்துக்காரர் போன் பண்ணுவார். நம்பிப் போனால் முட்டிவரை சேறு. மிஷின் மாட்டிக்கொண்டால் ஒரு நாள் பாழ். இப்போது அவன் தனக்குத் தெரிந்த ஓட்டுநர்கள் இரண்டு பேருக்கு வால் கற்றுக்கொடுத்திருந்தான். ஒருவருக்கொருவர் போனில் அந்த பாஷையில் கேட்டுக்கொண்டார்கள். காய்ந்திருக்கிறது-ராவா, மியா? ரா என்றால் மட்டும் மிஷின் கிளம்பும். அந்த இரண்டு பேர் ஆறு பேரானார்கள். அறுவடைக் காலம் முடிவதற்குள் குத்தாலத்தில் ஒரு கூட்டம், திருவாரூரில் ஒரு கூட்டம். மிஷின் ஓட்டுகிறவர்கள், வைக்கோல் கட்டுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். மாதம் ஒருமுறை அவர் பஸ் ஏறிப் போய் அங்கெல்லாம் உட்கார்ந்து வார்த்தைகளைச் சரிபார்த்துவிட்டு வந்தார். இரண்டு வருடத்தில் அறுபது எழுபது பேருக்கு மேல் பேசினார்கள். டெல்டா முழுக்க மிஷின்காரர்கள் புரியாத பாஷையில் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்ற செய்தி மற்றவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கலாவின் கோபம் தனிக் கதை. அவள் தங்கைக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நாலு இடத்தில் விசாரித்துவிட்டு மாடிக்கும் ஏறி, பெண் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். "வகுப்புக்கு நேரத்துக்கு வருவாங்க. நல்லாப் படிப்பாங்க. மத்தது எனக்குத் தெரியாதுங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். மத்தது என்றால் என்ன என்று அவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். வரன் நின்றுவிட்டது. கலா மாடிக்குப் போய்ச் சண்டை போட்டாள். தங்கமான பெண் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு அறுந்துவிடுமா என்று கேட்டாள். இவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்டார். அடுத்த முறை வேறு மாதிரி சொல்வேன் என்று மட்டும் சொல்லவில்லை. அதோடு கலாவும் தங்கையும் வகுப்பை விட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் கரண்டு இல்லை. பிரதி எடுக்க மாடியிலிருந்து வந்தவர் கடையிலேயே உட்கார்ந்தார். இப்படி ஒரு பாஷை எதற்கு என்று இரண்டு வருடமாகக் கேட்க நினைத்ததை அன்று கேட்டுவிட்டேன். மறைக்கவே இல்லை. வேறு ஜில்லாவில் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்திருக்கிறார். சாட்சிகள் சொல்வதை அடிக்கிற வேலை.

"ஒரு கேசுல சாட்சி, 'வெட்டுனதைப் பார்த்ததாச் சொன்னாங்க ஐயா'ன்னு சொன்னார். நான் 'வெட்டுனதைப் பார்த்தேன்'னு அடிச்சுட்டேன். மத்தியான நேரம், அசதி. அவர் படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டார்."

"அப்புறம் மேடம்?"

"ஒருத்தர் ஜெயிலுக்குப் போனார். அவர் வெட்டுனாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் அடிச்சது தப்புன்னு தெரியும்."

பல வருடம் கழித்துப் பழைய குறிப்பு நோட்டைப் புரட்டும்போதுதான் அவருக்கே அது தெரிந்ததாம். மேலிடத்துக்குத் தானாகவே எழுதிக் கொடுத்தாராம். அதற்குள் அந்த மனிதர் தண்டனையை முடித்துவிட்டு வெளியே வந்து, எங்கே போனார் என்று தெரியவில்லை. இவர் வேலையை விட்டுவிட்டார். சொல்லிவிட்டு, கரண்டு வர நேரமாகும் போலிருக்கிறது என்று எழுந்து போனார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சர்க்கார் வேலையை யாராவது ஒரு வார்த்தைக்காக விடுவார்களா? அதுவும் யாரும் கண்டுபிடிக்காத தப்புக்கு? அன்று சாயங்காலம் கலா கடைக்கு வந்தாள். அவளிடம் சொன்னேன். சொன்னபோது என் வாயில் அது கொஞ்சம் மாறித்தான் வந்தது. கோர்ட்டில் ஏதோ தில்லுமுல்லு ஆகி வேலையை விட்டு வந்தவர் போலிருக்கிறது என்றேன். போலிருக்கிறது என்ற வார்த்தையை நான் சொன்னேன் என்பது உறுதி. அவள் காதில் அது விழுந்ததா என்பது தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளினார். மாடியில் ஏதாவது கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றேன். அவர் முகம் செத்துப்போனது.

எங்கள் வீட்டில் கையெழுத்து என்றால் பயம். என் மாமனார் காலத்தில்தான் எங்கள் குடும்பத்தின் பேரில் முதல் பட்டா வந்தது. ஒன்றரை ஏக்கர். அதற்கு முன் மூன்று தலைமுறை அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பட்டா வந்த பிறகும் இரண்டு தடவை யாரோ தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டு, மயிரிழையில் தப்பியது. இப்போது வெளியில் பேசிக்கொள்கிறார்கள் என்றார் வீட்டுக்காரர். எரிவாயு எடுக்கப் பூமிக்கடியில் குழாய் இறக்குகிற கம்பெனிக்கு அந்த அம்மா ஆள். பாஷை சொல்லித் தருவதாகக் கையெழுத்து வாங்குகிறது. கையெழுத்துகளுக்கு மேலே நிலத்தைத் தரச் சம்மதம் என்று எழுதியிருக்கிறதாம். யாருக்கும் படிக்கத் தெரியாத பாஷையில்.

தண்ணீர் வந்த மணியை அவர் குறித்துக்கொண்டது என் ஞாபகத்துக்கு வந்தது. முன்பு ஒரு தடவை அவர் வரப்பில் குடையோடு நடந்து வாய்க்கால் பெயர்களை விசாரித்ததும் வந்தது. ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய்ப் பொருந்திக்கொண்டது.

ஆனால் என் இழுப்பறையில் எல்லாப் பக்கமும் இருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் நான் படித்திருக்கிறேன். அதில் நிலமும் இல்லை, சம்மதமும் இல்லை. இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், அடுத்த நாள் சண்முகம் அண்ணன் கடைக்குள் வந்து, அந்தத் தாளையெல்லாம் நீதானே ஜெராக்ஸ் போட்டாய், அதில் என்ன இருந்தது என்று கேட்டபோது, "நான் எங்கண்ணே படிக்கிறேன், வர்றதை வச்சு எடுத்துக் குடுக்கிறேன்" என்றேன். மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற நினைப்பு ஒன்றுதான் இருந்தது. என் பதிலை அவர் பத்து பேரிடம் சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரியே கழன்றுகொண்டாள் என்றால் விஷயம் உண்மை என்று ஊர் முடிவு கட்டியது.

சம்பா நடவு முடிந்த சமயம். அந்த ஞாயிறு வகுப்பு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நாற்பது ஐம்பது பேர் மாடியேறினார்கள். புகார் கொடுத்திருந்ததால் எஸ்.ஐ.யும் வந்தார். சின்ன வயசு, பொறுமையான ஆள். நான் வீட்டுக்காரரோடு படிக்கட்டின் மேல்படியில் நின்றேன். உள்ளே வகுப்பில் எட்டு பேர்தான் இருந்தார்கள். செல்வமணி வாசலை மறித்து நின்றான். அவர் அவனை நகரச் சொல்லிவிட்டு நோட்டை எடுத்து எஸ்.ஐ.யிடம் கொடுத்தார். எஸ்.ஐ. புரட்டிப் பார்த்தார். வார்த்தை, தமிழில் அர்த்தம், மூன்று கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் அதுதான். இது வேறு நோட்டு, நிஜ நோட்டை மாற்றியாயிற்று என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. நாலைந்து பேர் அவர் பெட்டியைத் திறக்கப் போனார்கள். ஒரு கை பட்டு அலமாரிப் புத்தகங்கள் சரிந்தன.

அவர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். தமிழில் பேசவில்லை. மாடி பாஷையில், மெதுவாக, நான் நிலத்தை எழுதி வாங்குகிறேன் என்கிறார்களே, அதை நீங்கள் சொல்லுங்கள், வாலோடு சொல்லுங்கள் என்றார்.

தமிழில் கேட்டிருந்தால் எனக்கு ஆயிரம் வழி இருந்தது. இருக்கலாம், யார் கண்டது, எனக்கெதுக்கு வம்பு என்று ஏதாவது சொல்லி நழுவியிருப்பேன். அந்த பாஷையில் எனக்கு மூன்று வால்தான் தெரியும். வாயைத் திறந்தேன். மி என்று வந்தது.

வகுப்பில் இருந்த எட்டு பேரும், கூட்டத்தோடு வந்திருந்த பழைய மாணவர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்.ஐ. என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். கேள்விப்பட்டேன் என்று சொன்னேன் சார் என்றேன். யாரிடம் கேள்விப்பட்டீர்கள் என்றார். வீட்டுக்காரரைக் காட்டினேன். அவர் சண்முகம் அண்ணனைக் காட்டினார். டீக்கடையில் அண்ணன்தான் சொன்னார் என்றார். சண்முகம் அண்ணன் வேர்த்துப்போய், நிலத்துக்கு என்று நான் சொல்லவில்லை, அதை டீக்கடையில் வேறு யாரோ சேர்த்தார்கள், கையெழுத்து வாங்குகிறது என்று மட்டும்தான் சொன்னேன் என்றார். கோர்ட்டிலேயே கையெழுத்து விவகாரத்தில் மாட்டிய பொம்பளை என்று பிரஷர் பார்க்கப் போனபோது நர்ஸம்மா சொன்னது, அதை வைத்துத்தான் சொன்னேன் என்றார்.

எல்லோரும் கலாவைப் பார்த்தார்கள். அவள் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள்.

"கையெழுத்துன்னு நான் சொல்லலை சார். கோர்ட்டுல ஏதோ தில்லுமுல்லுன்னுதான் சொன்னேன். அதுவும் நானாச் சொல்லலை." என் பக்கம் கையைக் காட்டினாள். "இந்த அக்காதான் என்கிட்ட சொன்னாங்க."

ஊரெல்லாம் சுற்றிவிட்டு அது என் காலடியிலேயே வந்து நின்றது. எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். நான் படியிறங்கினேன். ஓடிப்போகிறாள் என்று யாரோ சொன்னது கேட்டது. கடையைத் திறந்து, இழுப்பறைப் பூட்டைத் திறந்து, இருந்த தாள் அத்தனையையும் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு மேலே வந்தேன். மாதம் மாதமாக அடுக்கியிருந்தது. எஸ்.ஐ.யும் சண்முகம் அண்ணனும் நோட்டையும் தாளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒன்றுதான். அதே வார்த்தை, அதே அர்த்தம், அதே கையெழுத்து. கால் மணி நேரத்தில் மாடி காலியானது. போகிறபோது ஒருவர் மட்டும் குனிந்து, சரிந்த புத்தகங்களில் இரண்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

தாள்கள் தரையில் கிடந்தன. அவர் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் அடியில் கிடந்ததை எடுத்தார். முதல் நாள் நோட்டீஸ், இருபத்தொன்றாவது பிரதி. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"முதல் நாள்லேர்ந்தேவா?"

ஆமாம், முதல் நாளிலிருந்தே சந்தேகம்தான் என்றேன். கூட்டம் மாடியேறியபோது அவர் முகம் மாறவில்லை. பெட்டியைத் திறந்தபோதும் மாறவில்லை. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் மாறியது. அவரைக் காப்பாற்றிய காகிதமும் நான் கொடுத்ததுதான், அவரை அப்படி உட்கார வைத்ததும் அதுதான்.

எஸ்.ஐ. புகாரை முடித்துவிட்டார். ஆனாலும் கடைக்குப் பேர் கெட்டுவிட்டது என்று சண்முகம் அண்ணன் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இவர் வாக்குவாதம் செய்யவில்லை. திருவாரூரில் அந்தக் கூட்டம் பெரிதாக இருந்தது. மிஷின்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய நெல் குடோனைச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் செல்வமணி ஒரு மினி லாரியைக் கொண்டுவந்து சாமான்களை ஏற்றினான். என்னோடு அவன் பேசவில்லை. நான் கடையைப் பாதி சாத்திவிட்டு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். அவர் தடுக்கவில்லை.

லாரி கிளம்புவதற்கு முன் அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்மேல் கோபமா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நம் ஊரில் கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை எதிர்பார்த்துத்தான் நானும் கேட்டேன்.

"கோபம்தாங்க" என்றார். "இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும். உங்களை நம்பவும் முடியலை." லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "வகுப்புக்கு வாங்க."

லாரி போன பிறகு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அப்படியே நின்றேன். யாரும் என்னிடம் அதுவரை முகத்துக்கு நேராக அப்படிச் சொன்னது கிடையாது. அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார்கள், பிறகு ஆறு மாதம் பேச மாட்டார்கள். நானும் அப்படித்தான். இவர் சொன்ன மூன்று விஷயத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் எதுவும் இல்லை. கோபம் இருக்கிறது, நம்ப முடியவில்லை, வா. அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் முதல்தடவையாக அவர் சொன்ன ஒன்றை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

போகலாமா வேண்டாமா என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை கடந்தது. மூன்றாவது ஞாயிறு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கும்பகோணம் போய் அங்கிருந்து திருவாரூர் பஸ் ஏறினேன். இரண்டு பக்கமும் நட்ட வயல் பச்சை பிடித்திருந்தது. குடோனைக் கண்டுபிடிக்க நாலு பேரிடம் வழி கேட்டேன். போய்ச் சேர்ந்தபோது வகுப்பு பாதி நடந்துவிட்டது. முப்பது பேருக்கு மேல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சாக்குத் தூசியில் யாரோ தும்மிக்கொண்டிருந்தார்கள். அவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பி, வாசலில் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பாடத்தை நிறுத்தவும் இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரமாக, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.